அப்பாசாமியின் ஆந்தூரியம் ஏன் ஈரமாகவில்லை

1

இந்தக் கதையை விடை தெரியாமல்தான் தொடங்கினேன். ஆந்தூரியச் செடிகளை எப்படிக் கலப்பினம் செய்கிறார்கள் என்று படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மனிதர் தூரிகையோடு மனதில் வந்து நின்றார். ஒன்பது காலையாக ஒரு பூவுக்கு மகரந்தம் தடவுகிறார், ஒட்டவே இல்லை. ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பெயரை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன். அப்பாசாமி, வயது ஐம்பத்து நான்கு, கியூர்பிப் தந்தி அலுவலகத்தில் எழுத்தர். 1968 பிப்ரவரி. மொரீஷியஸ் சுதந்திரம் பெற இன்னும் ஒரு மாதம்.

2

முதல் தொடக்கம்: "மழை ஓய்ந்த காலையில், சிவந்த இதழ்களின் மேல் ஒளி..."

விட்டுவிட்டேன். வாக்கியம் மோசமில்லை, தகவல் தவறு. ஆந்தூரியத்தில் சிவப்பாக இருப்பது இதழ் அல்ல, ஓர் இலை. மடல் என்பார்கள். உண்மையான பூக்கள் நடுவில் விரல்போல நிற்கும் கதிரில் இருக்கின்றன, நூற்றுக்கணக்கில், கடுகளவில். (கொஞ்சம் பொறுங்கள். இது தெரியாமல் கதை நகராது.) கதிர் முதலில் பெண். அடியிலிருந்து நுனிவரை அதன் பூக்கள் தேன்போல ஆளுக்கொரு துளி கசியும். இரண்டு மூன்று வாரத்தில் துளி காய்ந்துவிடும். சில வாரம் கழித்து அதே கதிர் ஆணாகி வெண்தூள் உதிர்க்கும். தன் தூள் வரும்போது தன் துளி இருக்காது. ஆகவே ஒரு செடியின் முதிர்ந்த கதிரிலிருந்து தூளை எடுத்து, இன்னொரு செடியின் இளங்கதிரில், ஈரம் இருக்கும்போதே வைக்க வேண்டும்.

இதைப் படித்த அன்று எழுந்து தெருக்கோடிவரை நடந்துவிட்டு வந்தேன்.

3

அப்பாசாமியிடம் கருஞ்சிவப்பு ஆந்தூரியம் ஒன்று உண்டு. பதினோரு ஆண்டுகள் கலந்து கலந்து வந்து சேர்ந்த நிறம். இரண்டு வீடு தள்ளி மதாம் எவெலினின் வராந்தாவில் ஊரிலேயே இல்லாத வெள்ளை ஒன்று, தூள் உதிர்க்கும் ஒரே ஒரு கதிரோடு. மதாம் எவெலின் சனிக்கிழமை கப்பலேறுகிறார். சுதந்திரம் வரும் முன் கிளம்பிவிட வேண்டும் என்று அவர் கணவர் முடிவுசெய்துவிட்டார். செடி ரியூனியன் தீவில் உள்ள அவர் தங்கைக்குப் போகிறது.

(செடியை அப்பாசாமிக்கே தந்துவிடலாமே என்கிறீர்கள். நானும் எழுதிப் பார்த்தேன். தங்கைக்குக் கொடுத்த வாக்கை மீற மதாம் மறுத்துவிட்டார்.)

ஒரு கலப்பு விதையாகி, முளைத்து, பூக்க நான்கு ஆண்டு ஆகும். ஐம்பத்து நான்கு வயதுக்காரர் இந்தக் கணக்கை அடிக்கடி போடுவார். வெள்ளை போனால் இன்னொரு வெள்ளை வரும் என்று காத்திருக்க அவருக்கு ஆண்டுகள் இல்லை.

தினமும் காலை ஆறு மணிக்கு வெள்ளையின் தூளைக் காகிதத்தில் தட்டி எடுத்து வருகிறார். கருஞ்சிவப்பின் கதிர் பருவத்தில்தான் இருக்கிறது. ஆனால் துளியே இல்லை. காய்ந்த கதிரில் தூள் நிற்காமல் உதிர்கிறது. மாலையில் வந்து பார்த்தாலும் அப்படியே. போன ஆண்டுவரை நன்றாகக் கசிந்த செடி இது.

4

மதாம் எவெலின் பொறாமையில் ஏதோ செய்கிறார் என்று அரைப் பக்கம் எழுதினேன். தினமும் அப்பாசாமிக்குக் காப்பி கொடுக்கும் பெண்மணி. என்னால் நம்ப முடியவில்லை, அடித்தேன்.

செடிக்கு வயதாகிவிட்டது என்று எழுதினேன். அது உண்மையாக இருக்கலாம், ஆனால் அதோடு கதை முடிந்துவிடு—

சரி, அலுவலகத்தில் கொஞ்சம் சிரிப்பாவது இருக்கட்டும் என்று பக்கத்து மேசை ஜில்பெரைப் பேசவிட்டேன்.

"மிஸ்யே அப்பாசாமி, வீட்ல எல்லாரும் காவடிக்கு விரதம். பூவும் விரதமோ?"

அப்பாசாமி சிரிக்கவில்லை. எழுதிய நானும் பேனாவைக் கீழே வைத்தேன். விரதம் தொடங்கிப் பத்து நாள். துளி காணாமல் போய் ஒன்பது நாள்.

ஓர் இயந்திரம் நின்றுபோனால் அதன் பக்கத்தில் யார் கை இருந்தது என்று பார்க்க வேண்டும். அந்த வீட்டில் இரண்டு பேர்தான்: அப்பாசாமியும், தைப்பூசத்தன்று பால்குடம் எடுக்கப்போகும் அவருடைய அக்கா பாக்கியமும். எனவே வியாழக்கிழமை அப்பாசாமியை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் எழுப்பினேன்.

5

பாக்கியம் குளித்துவிட்டு, ஈரத்துணியால் கதிரை அடியிலிருந்து நுனிவரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

(அவர்கள் வீட்டில் பேசுவது கிரயோல். அக்கா, தம்பி, விரதம், எச்சில் மட்டும் தமிழ். மற்றதை நான் தமிழாக்கித் தருகிறேன்.)

"என்ன பண்றே, அக்கா?"

"எச்சில் மாதிரி வழியுது, தம்பி. விரத வீட்டுல இப்படி ஒரு பூவை விடுவேனா? காலையில ஒரு தரம், விளக்கு வைக்கும்போது ஒரு தரம் தொடைக்கிறேன். உன் பூ நல்லா வரணும்னு முருகனுக்கும் சொல்லியிருக்கேன்."

அப்பாசாமி கோபப்பட ஒரு பத்தி ஒதுக்கியிருந்தேன். அவர் அதைப் பயன்படுத்தவில்லை. அது எச்சில் அல்ல, தூளைப் பிடிக்கும் பசை என்று கதிரைக் காட்டி விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டாள். எல்லாம் சரி, ஆனால் பார்க்க எச்சில்தான் என்றாள். விரதம் முடியும்வரை துடைப்பாளாம். விரதம் முடிவதற்குள் வெள்ளைச் செடி கப்பலேறியிருக்கும்.

அவளுடைய விரதத்தையும் கெடுக்க முடியாது, கலப்பையும் விட முடியாது.  அப்பாசாமி கேட்டார்:

"கண்ணுல படலேன்னா?"

பாக்கியம் யோசித்தாள். "கண்ணுல படாததை நான் ஏன் தொடைக்கப்போறேன்?"

6

காய் பிடித்ததா, நான்கு ஆண்டு கழித்து என்ன நிறத்தில் பூத்தது என்று கேட்பீர்கள். மூன்று முடிவுகள் எழுதி மூன்றையும் எடுத்துவிட்டேன். விதைக்குள் இருக்கும் நிறம் விதைத்தவருக்கே தெரியாது. நான் தெரிந்ததுபோல நடிப்பது சரியல்ல. நீங்கள் விரும்பும் நிறத்தை வைத்துக்கொள்ளுங்கள். அவர் செய்ததை மட்டும் சொல்கிறேன். யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

மெழுகுத்தாளைக் கூம்பாகச் சுருட்டி, கதிர் முழுவதும் மறையக் கவிழ்த்து, அடியில் நூலால் தளர்வாகக் கட்ட வேண்டும். காலையில் கூம்பைத் தூக்கி, துளி கசிந்திருந்தால் தூளை மென்தூரிகையால் அடியிலிருந்து நுனிவரை தடவி, உடனே மூட வேண்டும். துளி காயும்வரை தினமும் இதையே செய்ய வேண்டும். துடைக்கக் கூடாது.