நெஞ்சுக்குள் லட்சம் சாமிதுரை

...என் நுரையீரல் என் அப்பாவைவிட மூத்தது, நான் பிறந்தபோது என்னைத் தூக்கித் தாலாட்டியதே அதுதான் என்றுகூடச் சொல்வேன், எனக்கு அறுபது, அதுக்குத் தொண்ணூறு, மூச்சை அளக்க நான் ஊதின குழாயில் முள்ளைப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவே சொன்ன கணக்கு, மாதா கோயில் கூடத்து முகாமுக்கு வந்திருந்த பீங்கான் ஆலைக்காரர்கள் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், சாமிதுரை மட்டும் உதட்டைப் பிதுக்கி, "புளுவாதய்யா சுப்புராயா, ஒரு ஒடம்புல ரெண்டு வயசா? பீடி குடிச்சியே, அத சொல்லு" என்றான்... பீடியாம், நான் தொட்டதே இல்லை, என் சம்பந்தி வூடு வரைக்கும் போய் அப்படிச் சொல்லி வைத்த வாய் இது, தூசுதான் என்று அதே வாய் ஒரு தடவை சொல்லட்டும், அப்புறம் நான் சாகக்கூடத் தயார்... இவன்தான் அப்போது எங்கள் சூப்பர்வைசர் துரை, பீங்கானுக்குக் கல்மாவு அரைக்கிற கொட்டகைக்குள் கால் வைக்கமாட்டார், உள்ளே வெள்ளைத் தூசு அப்படி நிற்கும், கூட வேலை செய்த கொளஞ்சியம்மாளையே சாமி சிலையென்று நினைத்து நான் கும்பிட்டிருக்கிறேன், துரை வாசலிலேயே நின்று ஷிப்டு முடிய ஆளுக்கொரு வெல்லக்கட்டி நீட்டுவார், தின்னுங்க, தூசு வழுக்கிக்கிட்டு வயித்துக்குப் போயிடும் என்பார்... பெண்ணாடத்துக் கரும்பு மொத்தமும் என் தொண்டை வழியாகத்தான் போயிற்று, தூசு போனதா? சர்க்கரை வியாதிதான் வந்தது.

டாக்டரம்மா சொல்கிறார், தூசு நுரையீரலுக்குள்ளேயே தங்கிவிட்டதாம், அதை விரட்டுகிறேன் என்று சதை ஓயாமல் வீங்கி, அணுக்களெல்லாம் காலத்துக்கு முன்பே கிழடு தட்டிவிட்டதாம், சாகவும் சாகாதாம், வேலையும் செய்யாதாம், உட்கார்ந்த இடத்திலேயே பக்கத்தில் இருப்பதையும் கெடுக்குமாம்... அட, இது சாமிதுரையேதான்! என் நெஞ்சுக்குள் லட்சம் சாமிதுரை, ஆளுக்கொரு நாற்காலி... இதோ அவன் முறை, "ஊதுங்க சார், சூப்பர்வைசர் மூச்சாச்சே, கூரை பறக்கப் போவுது" என்கிறேன், ஊதுகிறான், முள் நத்தை மாதிரி நகர்கிறது, மறுபடி ஊதச் சொல்கிறார்கள், மறுபடி, டாக்டரம்மா இன்னொரு தரம் வயசு கேட்கிறார், என்ன இது, வாசலிலேயே நின்ற ஆளுக்குமா தூசு? வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப்பையில் துழாவுகிறான், பொட்டலம், வெல்லம்... இன்னுமா தின்கிறான், அப்படியானால் நம்பித்தான் கொடுத்தானா, இத்தனை வருஷம் நான் யாரை வைதுகொண்டிருந்தேன்... பாதியைப் பிட்டு என்னிடம் நீட்டுகிறான், சனியன், என் கையும் தானாக நீள்கிறது. "தூசுதான்யா," என்கிறான், "எனக்குத் தொண்ணூத்தஞ்சாம்."