கனிஷ்கா இறங்கிய கிணறு

கனிஷ்காவுக்குத் தலைக்கு ஊற்றுகிற நாள் அடுத்த தோட்டத்துக்காரர்களுக்கும் தெரிந்துவிடும். ஒரு சொம்புத் தண்ணீர் உச்சியில் விழுந்ததும் கொதிநீர் பட்டதைப் போல அலறுவாள் அந்த ஐந்து வயதுக் குழந்தை. பிடித்திருக்கும் அம்மாவின் கையைக் கடித்துவிடுவாள்.

ஆட்டிசம் என்று சேலத்தில் மருத்துவர் சொன்ன அன்று அம்மா சௌந்தர்யா பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதாள். குழந்தைக்குப் பயிற்சி தருகிற பெண் விளக்கிய பிறகுதான் கொஞ்சம் தெளிந்தாள். "அவளுக்கு இது பிடிவாதம் இல்லீங்க. லேசாப் பட்டா ஊசி குத்தற மாதிரி. இறுக்கிப் புடிச்சா சுகமா இருக்கும்."

சித்திரை வெயிலில் ஒரு நாள் குழந்தையைக் காணவில்லை. சௌந்தர்யா தோட்டமெல்லாம் ஓடினாள். மோட்டார் தொட்டியில் கழுத்தளவு நீரில் நின்றுகொண்டிருந்தாள் கனிஷ்கா. நாலா பக்கமும் தண்ணீர் அவளை இறுக்கிப் பிடித்திருந்தது. எந்நேரமும் காதைப் பொத்தியிருக்கும் கைகள் தண்ணீருக்குள் மெல்ல அசைந்தன. அந்த முகத்தில் அப்படியொரு நிம்மதியைப் பெற்றவள் பார்த்ததே இல்லை.

மாமியார் பழனியம்மாள் பின்னாலேயே ஓடி வந்தாள். "புள்ளைக்குத் தண்ணில கண்டம் இருக்குது. தொட்டிய இன்னைக்கே மூடோணும்!"

"தொட்டிய மூடிரலாங்கத்தை. ஊருல இருக்கற கிணத்தையெல்லாம் மூட முடியுங்களா? இவ தண்ணியத் தேடித்தான் போவா. நீச்சல் பழகோணும். அதுக்கு மின்னாடி நான் பழகோணும்."

"ஊட்டுக்கு வந்த மருமவ கெணத்துல குதிச்சா சனம் என்ன பேசும்?"

"பேசீட்டுப் போறாங்க."

கணவன் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரியோடு மத்தியப் பிரதேசத்தில் இருந்தான். போனில் கேட்டுவிட்டு, "தமிழ்ச்செல்வி மீனாட்டம் நீந்துவா, அவளக் கூப்புடு" என்றான். அவன் தங்கை பக்கத்து ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மறுநாளே ஸ்கூட்டியில் வந்து, அண்ணியின் முதுகில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டி, "குதிங்க நங்கையா!" என்று தோட்டத்துக் கிணற்றில் ஒரே தள்ளாகத் தள்ளினாள். சௌந்தர்யா குடித்த தண்ணீருக்குக் கணக்கில்லை. மூக்கெல்லாம் எரிந்தது. ஆனாலும் தினமும் இறங்கினாள். கேனை அவிழ்த்துவிட்டுக் கிணற்றைச் சுற்றி நீந்தி வர முடிந்த பிறகுதான் மகளைக் கூட்டி வந்தாள்.

ஆளரவம் இல்லாத காலை நேரம். தமிழ்ச்செல்வி தண்ணீரில் சத்தமில்லாமல் காத்திருந்தாள். கனிஷ்கா கடைசிப் படியில் வெகுநேரம் உட்கார்ந்து காலால் அளைந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு தானாக நழுவி இறங்கி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பிடி மெல்லத் தளர்ந்தது. மகளின் இடுப்பில் சௌந்தர்யாவின் கை மட்டும் இருந்தது.

அப்போதுதான் கனிஷ்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே அமிழ்த்தினாள்.

"ஐயோ, புள்ள தலை!" மேலே நின்ற பழனியம்மாள் கத்திவிட்டாள்.

சௌந்தர்யா கையை இறுக்குவதற்குள் குழந்தை மேலே வந்துவிட்டாள். முடி முகத்தில் ஒட்டியிருந்தது. அலறல் இல்லை. ஒரு சிரிப்பு. மறுபடியும் முங்கினாள், மறுபடியும் வந்தாள்.

"தலை நனஞ்சிருச்சு, தமிழு! அவளே நனச்சுக்கிட்டா!" என்றாள் சௌந்தர்யா.

சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்ற இன்றைக்கும் கனிஷ்கா விடமாட்டாள். விடவேண்டிய தேவையும் இல்லை. சீயக்காய்க் கிண்ணம் கிணற்றுப் படிக்கே வந்துவிட்டது.

ஆடிப் பெருக்கன்று உறவெல்லாம் கூடியிருந்தது. கேன் கட்டிய பையன்கள் படியில் தயங்கி நிற்க, எதுவும் கட்டாமல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்திப் போனாள் கனிஷ்கா. கைக்கெட்டும் தூரத்தில் அம்மாவும் கூடவே நீந்தினாள்.

"எம்பட பேத்தியப் பாருங்க சாமி!" என்று வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள் பழனியம்மாள். பிறகு குனிந்து கூப்பிட்டாள்: "சோறு ஆறுதம்மிணி, ரெண்டு பேரும் மேல வாங்க!"

கனிஷ்கா காதிலேயே வாங்கவில்லை. சுவரைக் காலால் உந்தி மறுபடியும் கிளம்பினாள்.

"நீங்க சாப்புடுங்கத்தை!" என்று சிரித்தபடி சௌந்தர்யா மகளைத் தொடர்ந்து நீந்தினாள்.