படத்தில் ஒட்டிய கூந்தல்

“அக்கா, யாராவது என்னைப் பொண்ணுன்னு சொன்னா வேற யாரையோ கூப்பிடுற மாதிரி இருக்கு.”

“அப்போ பையனா?”

“அதுவும் இல்ல. ரெண்டும் இல்ல.”

அக்கா தன் காதுக் கம்மலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “அப்போ கம்மலெல்லாம் எனக்கே எனக்கு. பங்குக்கு ஆள் இல்ல,” என்றாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் சின்னுவின் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “அப்பாகிட்ட மட்டும் நீ வாயைத் திறக்காத. நேரம் பார்த்து நானே பக்குவமா சொல்றேன்.”

சின்னு கல்லூரியில் சேர்ந்த வருடம் நடந்த பேச்சு அது. அந்த நேரம் வரவே இல்லை. முதலில் அப்பாவுக்கு ரத்த அழுத்தம். பிறகு அக்காவுக்குப் புது வேலை. பிறகு வரன். இதோ, கல்யாணமே வந்துவிட்டது.

விடுமுறை நாட்களில் அப்பாவின் ஸ்டுடியோவில் படம் திருத்தும் வேலை சின்னுவுடையது. பரு, தழும்பு, மூக்குக்கண்ணாடியில் விழும் வெளிச்சப் பொட்டு, மாமியாருக்குப் பிடிக்காத ஓரத்து ஆள் என எதை அழிக்கச் சொன்னாலும் தடம் தெரியாமல் அழித்துவிடும் கை. “கேமராதான் என்னுது, கை எங்க பாப்பாவுது,” என்று வருகிறவர்களிடமெல்லாம் அப்பா பெருமையடித்துக்கொள்வார். அந்தப் ‘பாப்பா’ காதில் விழும்போதெல்லாம் சின்னுவுக்கு வாய் கசக்கும்.

அதைவிடக் கசந்தது ஒன்று உண்டு. முன்பெல்லாம் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அப்பா கடையைச் சீக்கிரமே திறந்து, சின்னுவின் முகவாயைத் தொட்டு நிமிர்த்தி, ஆசை ஆசையாகப் படமெடுப்பார். தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்ததோடு அது நின்றுபோனது. லைட் சரியில்லை, லென்ஸில் பூஞ்சை, அப்புறம் பார்க்கலாம். ஊர் முகத்துக்கெல்லாம் ஒழுங்காக எரிகிற லைட் சின்னுவைக் கண்டால் மட்டும் மக்கர் பண்ணும். கேட்டுவிடலாம் என்று நாக்கு நுனிவரை வரும். அக்காவுக்குக் கொடுத்த வாக்கு குறுக்கே நிற்கும். விழுங்கிக்கொள்வதே பழக்கமாகிவிட்டது.

“இந்தா, வரவேற்பு வாசல்ல வைக்கிற படம்,” என்று அன்று அப்பா கணினியில் ஒன்றைத் திறந்து காட்டினார். “ஓரமெல்லாம் பிசிறடிக்குது. கொஞ்சம் சுத்தம் பண்ணிடும்மா. பிரிண்டுக்கு அனுப்பணும்.”

அப்பா, அம்மா, அக்கா மூவரும் போன வாரம் சின்னு கல்லூரியில் இருந்தபோது எடுத்த படத்தில் இருந்தார்கள். அம்மாவின் தோளுக்குப் பின்னால் நீளக் கூந்தலோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடக் காலத்துப் பிறந்தநாள் படத்திலிருந்து வெட்டி எடுத்து ஒட்டிய சின்னு. மற்ற மூவர் மீதும் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து விழுந்தது. அவள் மீது மட்டும் இடப்பக்கத்திலிருந்து.

“நான் இப்படி இல்லையேப்பா.”

“ஒருநாள் கூத்துதானே. மாப்பிள்ளை வீட்டுல ஆளுக்கொண்ணு கேப்பாங்க. யாரு பதில் சொல்றது?”

“அக்காவுக்குத் தெரியுமா?”

“யோசனையே அவளோடதுதான். சின்னு மனசு நோகாம நீங்களே பண்ணிடுங்கப்பான்னு சொன்னா. எனக்குத்தான் இந்த மவுஸைப் பிடிச்சு இழுக்கிற வேலை வரல.”

அந்த நேரம் பார்த்து அக்காவே உள்ளே வந்தாள், கையில் தையற்கடைப் பையோடு. திரையைப் பார்த்தாள். சின்னுவைப் பார்க்கவில்லை.

“நேரம் பார்த்துச் சொல்றேன்னியே அக்கா.”

“கல்யாணம் முடியட்டும் சின்னு. எனக்காக இது ஒண்ணு. நான் உன்கிட்ட இதுவரைக்கும் ஏதாவது கேட்டிருக்கேனா?”

கேட்டிருக்கிறாள். ஒன்றே ஒன்றைத்தான், வருடக்கணக்காக. சின்னு சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

“பாரு, இதுல எவ்வளவு லட்சணமா இருக்க,” என்றாள் அக்கா, சமாதானமாக.

“செத்தவங்களுக்குத்தானே அக்கா இப்படி ஒட்டுவோம்.”

கடையில் அது மாமூல் வேலை. இறந்துபோன அப்பாவின் பழைய படத்தைக் கொண்டுவந்து, கல்யாணப் படத்தில் சேர்த்துத் தரச் சொல்லிக் கேட்பார்கள். அப்படி எத்தனையோ பேரைச் சின்னுவின் கை உயிரோடிருப்பவர்களுக்கு நடுவே நிற்கவைத்திருக்கிறது. அவர்கள் யாரும், நான் இங்கேதானே உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னதில்லை.

“என்ன பேச்சு இது, கல்யாண வீட்டுல?” அக்காவின் குரல் உடைந்தது. “அப்பா, நீங்களாவது சொல்லுங்க.”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். அவர் கண் திரையிலிருந்த கூந்தல்காரியிடம் போனது, சின்னுவின் தோள்வரை வந்தது, முகத்துக்கு ஏறாமல் திரும்பிப் போனது.

சின்னு எழுந்து அவர் முன்னால் போய் நின்றார். அக்கா பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, கேமராவை எடுங்க. இப்ப இருக்கிற மாதிரியே என்னை ஒரு படம் எடுங்க.”