தலை இங்கே, தண்டு அங்கே

என் வீட்டுக்காரருக்கும் சரி, என் அண்ணனுக்கும் சரி, புகைப் பழக்கமே கிடையாது. ஆனால் டென்மார்க்கில் கையால் செதுக்கிய பழைய பைப் என்றால் இருவருக்கும் சோறு தண்ணீர் வேண்டாம். ஒரு வீட்டைக் காலி செய்து சாமான் விற்ற இடத்தில், ஒரே பைப்பில் இருவரும் கை வைத்தார்கள். இழுத்த இழுப்பில் புகையிலை அடைக்கும் தலை இவர் கையோடும், வாயில் வைக்கும் தண்டு அண்ணன் கையோடும் வந்துவிட்டன. விட்டுக்கொடுத்தார்களா? ஆளுக்குப் பாதியை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் நடந்தார்கள். அன்றோடு அண்ணன் என் வீட்டுப் படி ஏறுவதும் நின்றது.

வேறு தண்டு போடலாமே என்றால் இவர் என்னைக் கொலைகாரியைப் பார்ப்பது போலப் பார்ப்பார். கையால் செய்த பைப்பில் ஒவ்வொரு தண்டும் அதனதன் தலைக்கென்றே இழைத்ததாம்.

போன வாரம் பைப் கண்காட்சி நடத்துபவர் போனில் கூப்பிட்டார். இவர் அனுப்பிய படத்தைப் பார்த்திருக்கிறார்.

"இந்த முத்திரையோட இன்னொண்ணை நான் பாத்ததே இல்ல சார். முழுசா கொண்டு வந்தீங்கன்னா நடு மேஜை உங்களுக்குத்தான்."

இவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கூடத்தை நாலு சுற்று சுற்றிவிட்டு என்னிடம் வந்தார்.

"நீயே உங்க அண்ணன்கிட்ட கேளேன்."

"நான் என்ன தபால்காரியா? நீங்களே பேசுங்க."

அண்ணன் எண்ணை அழுத்திப் போனை இவர் கையில் திணித்தேன். விஷயத்தை இவர் மென்று விழுங்கிச் சொல்லி முடிப்பதற்குள், "எந்த மண்டபம்?" என்றது அண்ணன் குரல்.

மண்டப வாசலில் அண்ணன் எங்களுக்கு முன்பே நின்றிருந்தார், சட்டைப் பையைக் கையால் பொத்தியபடி. இருவரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. அவரவர் கண் அடுத்தவர் பையின் மேலேயே இருந்தது.

"மெதுவா திருப்புங்க, மாப்பிள்ளை."

"நீங்களே போடுங்க மச்சான், நான் தலையைப் பிடிச்சுக்கறேன்."

சின்னக் கிறீச்சோடு தண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. சேர்ந்த இடத்தில் நகம்கூட நுழையாது. அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். இவர் அவரைக் கட்டிக்கொண்டார். நான் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

"உரிமையாளர் பேர் என்ன எழுதலாம்?" என்று கண்காட்சிக்காரர் அட்டையை நீட்டினார்.

சிரிப்பு நின்றது. அண்ணன் விரல் தண்டுக்குப் போனது, இவர் விரல் தலைக்குப் போனது. எனக்கு வந்ததே ஆத்திரம். பேனாவைப் பிடுங்கி என் பேரை எழுதினேன்.

"இனிமே யாராவது பிரிச்சீங்க, ரெண்டு பேரோட மொத்த சேகரிப்பும் பழைய சாமான் கடைக்குப் போயிடும்."

இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலத் தலையாட்டினார்கள்.

பைப் என் கைப்பையில் முழுசாக வீடு வந்தது. அதை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். "பைப்பைப் பாத்துட்டுப் போறேன்" என்று இப்போது அண்ணன் படியேறுகிறார். சாவி இருக்கும் இடம் எனக்குத் தெரியும். ஆனாலும் கொஞ்ச நேரம் தேடுவேன். அதற்குள் சாப்பாட்டு வேளை ஆகிவிடும்.