கணவாயின் கண்ணில் வரும் கப்பல்

செசிலி அறுத்த கணவாய் மீனின் கண்ணில், அது செத்து வாரம் கழிந்த பிறகும் ஒரு கப்பல் வந்துகொண்டிருந்தது. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் மீன் விற்கும் பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். நெல்லிக்காய் அளவுக் கண்ணுக்குள் விளக்கு எரியும் பெரிய கப்பல், அதற்கு முன்னால் ஒரு வள்ளம், அதில் நின்று டார்ச்சை வீசிக் காட்டும் ஒருவன். இடது தோளைச் சரித்து நிற்பதைப் பார்த்தே அவன் செசிலியின் மகன் வினோஜ் என்று சொல்லிவிட்டார்கள். பனியனின் நிறம் மட்டும் தெரியவில்லை. கணவாய்க்கு நிறம் பிரிக்கத் தெரியாது. கணவாய் கூடுவதற்காக அவன் தென்னம்பாளைகளைக் கட்டிக் கடலில் இறக்கியிருந்த இடத்தில்தான், வள்ளம் உடைந்து அவன் காணாமல் போன மறுநாள் இந்தக் கணவாயைப் பிடித்திருந்தார்கள். அந்த வழியே கப்பலே போகவில்லை, அலைதான் கவிழ்த்தது என்று விசாரணையில் அதிகாரிகள் சாதித்தார்கள். கப்பல் இடித்தது என்று ஒரு வரி எழுதுங்கள், அது போதும் என்று செசிலி நடையாய் நடந்தாள்.

அடுத்த வீட்டு ஜெனிலா நாகர்கோவிலில் கணவாய்க் கண்ணை வைத்து ஆராய்ச்சி செய்கிறவள். அவளுக்கு இதில் பெரிய ஆச்சரியம் ஒன்றுமில்லை.

“வெளிச்சம் பட்டா ஒரு புரோட்டீன் முழிக்கும் மாமி. அது அடுத்த புரோட்டீனத் தட்டி எழுப்பும். அப்படியே சேதி போவும். போதும்னு பிடிச்சு நிறுத்த வேற ஒண்ணு வரணும். இதுல அது வரல்ல.”

“எனக்கும் வரல்லியே மக்கா,” என்றாள் செசிலி.

இருவரும் கண்ணை ஐஸ் பெட்டியில் வைத்து விசாரணை அதிகாரியிடம் கொண்டுபோனார்கள். அவர் லென்ஸ் பிடித்து நெடுநேரம் பார்த்தார். கப்பலின் பெயரை வாய்விட்டே வாசித்தார். பிறகு பெட்டியை மூடி, கையைக் கழுவி, முதுகெலும்பில்லாத பிராணியின் கண்ணைச் சாட்சியாக எடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்றார். நிறுத்துகிற புரதம் அந்த மனிதருக்கு ஒரு குறையுமில்லாமல் வேலை செய்தது; டீ வருவதற்குள் பார்த்ததெல்லாம் அணைந்துவிட்டது. அலை என்றே எழுதினார். எந்த ஊர் அலைக்கு ஐயா நெற்றியில் பெயர் எழுதியிருக்கிறது?

அதன்பிறகு எத்தனையோ கணவாய்ப் பருவம் வந்து போயிற்று. கண் கெடவில்லை. ஐஸ் வண்டிக்காரன் அதற்கென்று ஒரு கட்டி தனியாகப் போடுகிறான். கப்பல் இன்னும் வள்ளத்தை எட்டவில்லை. வியாபாரத்துக்கு நடுவே செசிலி கையிலிருக்கும் மீனைப் போட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்து கத்துவாள்.

“வள்ளத்தத் திருப்பு மக்கா! ஏலே, திருப்பு!”

பக்கத்தில் விற்கும் லிஜா, வாங்க வந்தவர்களுக்குச் செசிலியின் மீனையும் சேர்த்து எடைபோட்டுக் கொடுப்பாள்.