முட்டிக்குக் கீழே ஒரு முடிச்சு

கயிறு அவிழவில்லை. கன்னியம்மா அரிவாள்மனையை எடுத்து அறுத்தாள். கடலுக்குப் போகிற நைனா போட்ட முடிச்சு, லேசில் விடுமா? குளிப்பாட்டுவதற்காக அம்மாவின் உடலைப் பலகையில் கிடத்தியிருந்தார்கள். முட்டிக்குக் கீழே கயிறு இருந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. அதற்குக் கீழே கால் முழுக்க நீல நீலமாக நரம்பு சுருண்டிருந்தது.

இருபது வருஷம் ராயபுரம் மார்க்கெட்டில் நின்றே மீன் விற்ற கால். அன்று காலை வீட்டில் கூடை விளிம்பு உரசி, கணுக்கால் பக்கம் புடைத்திருந்த நரம்பொன்று பிய்ந்துவிட்டது. வலிகூட இல்லை என்றாள் அம்மா. ஆனால் வீடெல்லாம் ரத்தம். திருக்கை மீனின் முள் குத்தினால் விஷம் ஏறாமலிருக்க மேலே கட்டுவார்களே, நைனா அதைத்தான் செய்தார். கை ரிக்‌ஷாவில் கால் தொங்க உட்காரவைத்து, ரத்தம் நிற்காததைப் பார்த்துப் பார்த்து இன்னும் இறுக்கினார். ஆஸ்பத்திரி வாசலிலேயே அம்மா அவர் தோளில் சாய்ந்துவிட்டாள்.

நைனா வெளியே ரிக்‌ஷாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது டாக்டர் கன்னியம்மாவிடம் சொன்னார். அந்த நரம்பில் ரத்தம் பாதத்திலிருந்து மேலே ஏறுகிறது. ஏறினது இறங்காமல் உள்ளே சின்னச் சின்னக் கதவுகள் தடுக்கும். நடந்தால் கெண்டைக்கால் சதை மேலே தள்ளிவிடும். நின்றே கிடந்தால் தேங்கித் தேங்கி நரம்பு புடைக்கும், கதவு கெட்டுப்போகும். மேலே கட்டினால் போக வழியில்லாமல் ஓட்டை வழியாகத்தானே வரும்? படுக்கவைத்துக் காலைத் தூக்கி, ஒரு விரலால் அழுத்தியிருந்தால் நின்றிருக்கும் என்றார். பாவி டாக்டர், இதை ஏன் சொல்லித் தொலைத்தான் என்று நினைத்தவள், நைனாவிடம் மூச்சு விடவில்லை.

வீட்டில் அம்மாவைக் குளிப்பாட்டிப் புடவை சுற்றிவிட்டு வெளியே வந்தபோது நைனா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கியிருந்தா பொயச்சிருப்பாளா கன்னி?"

"நீ நல்லாத்தான் கட்ன நைனா."

அப்போதுதான் அவர் வாய்விட்டு அழுதார். அழுது முடித்து, எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவின் தங்கை அங்கம்மாவைப் பார்த்தார். அவளுக்கும் அதே மார்க்கெட், அதே கால். கூடையில் ஒரு கயிறு வைத்துக்கொள், ரத்தம் வந்தால் முட்டிக்குக் கீழே பலமாகக் கட்டு என்று முடிச்சுப் போடும் விதத்தைக் கையால் காட்டினார். சுற்றியிருந்த மீன்காரிகள் ஏழெட்டுப் பேரும் தலையாட்டினார்கள். அத்தனை பேரும் விடிந்தால் போய் நிற்கிறவர்கள்.

சின்னம்மாவிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிடலாம். மற்றவர்கள் கலைந்துபோனால் எங்கே தேடிப் பிடிப்பது? கன்னியம்மா எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"கட்டாத சின்னம்மா. யாரும் கட்டாதீங்க. படுத்துக்கினு காலத் தூக்கி வச்சி, ஓட்ட மேல விரலால அழுத்துங்க. நின்னுடும்."

"யாரு சொன்னது?"

"டாக்டரு."

யாரும் நைனாவைப் பார்க்கவில்லை. முடிச்சுப் போட்டுக் காட்டிய தன் கைகளையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாடை தயாரானதும் தலைமாட்டைப் பிடிக்க அவரைக் கூப்பிட்டார்கள். அவர் சுவரோரமாக நகர்ந்துகொண்டார்.

"நீங்களே தூக்குங்கப்பா," என்றார். "நான் தொட வேணா."