போடி கடைக் கம்ப்யூட்டர் மலையேறிய நாள்

எங்கள் பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. செத்துப்போனதைக் கழற்றிவிட்டு, பென்டிரைவைச் சொருகித்தான் ஓட்டுகிறேன். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்து ஷெட்டில் அதைத் திறந்ததும் அப்பா எட்டிப் பார்த்தார்.

“ஏ பாப்பா, இது நம்ம கடைக் கம்ப்யூட்டருல்ல?”

“அது போடியிலதான்ப்பா இருக்கு. சோலியெல்லாம் அதான் பாக்குது. இது படத்த மட்டும் காட்டும், நான் தட்டுறதக் கீழ கொண்டுபோகும். அம்புட்டுதான்.”

“அம்புட்டுதானாம்ல!” என்றவர் கண்ணை எடுக்கவில்லை.

நான்கு மாதம் உழைத்த என் அனிமேஷன், ஏலக்காய்ப் பூ விரியும் இருபது நொடி, கீழே கடையில் முழுப் படமாகிக்கொண்டிருந்தது. 92 சதவீதம். போட்டிக்கு அனுப்ப மதியம் இரண்டு மணிதான் கெடு. காலையில் அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்தேன். பின்னாலேயே மண் சரிந்து பாதையை அடைத்துவிட்டது.

12:50க்குத்தான் உறைத்தது. இன்று சனிக்கிழமை. ஒரு மணிக்குக் கடையைப் பூட்டும்போது அம்மா மெயின் சுவிட்சை அணைத்துவிடுவாள்.

போன் அடித்தேன்; எடுக்கவில்லை. கடையில் ஆள் நின்றால் அம்மா போனைத் தொடவே மாட்டாள்.

“போச்சுப்பா! நாலு மாச வேலை!”

“கத்தாத. நீ இங்க தட்டுறது அங்கயும் தெரியுமா?”

அடடா! வெற்றுப் பக்கத்தைத் திறந்து, பெரிய எழுத்தில் தட்டினேன்: ‘அம்மா, நான் ஜெனி. மெயின அணைக்காத.’

திரை அப்படியே உறைந்தது. சிக்னல் போனதா, மெயினே போனதா? 12:59. 1:00. 1:02.

என் வரிக்குக் கீழே, நான் தொடாமலே, ‘நீ’ என்று விழுந்தது. பிறகு ‘யா’. பிறகு ‘டி’.

‘நீயாடி. எலிப்பொட்டி தானா ஓடுது. பயந்துட்டேன்.’

“மவுசச் சொல்றா,” என்றார் அப்பா. “லில்லியேதான். ஒத்த விரல்ல குத்துறா பாரு.”

அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை போல. ‘அப்பா சாப்டாரா’ என்று வந்தது. ‘மழையா’ என்று வந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

1:46க்குப் படத்தை அனுப்பினேன். பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்ததும் துள்ளிக் குதித்தேன்.

அப்பா திரும்பவில்லை. ஏலக்காய்க் கறை படிந்த விரலால் தேடித் தேடித் தட்டிக்கொண்டிருந்தார்: ‘இப்ப அணை, லில்லி. போய்ச் சாப்பிடு.’

‘சரிங்க.’

திரையில் இருந்த படம் மறைந்தது. மூவாயிரம் அடிக்குக் கீழே அம்மா தட்டிய சுவிட்ச், எங்கள் ஷெட்டில் தெரிந்தது.